அவுக வந்தாக

மனநலப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை என்னிடம் அதிகம் கிடையாது. முப்பத்து நாலு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்தேன். என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால், ‘அந்தம்மா வாயைத் திறந்தாலே வசவுதான்’ என்பார்கள். உண்மைதான். ஆனால் இன்று என்னைத் தவிர வேறு யாரையும் திட்டுவதாக இல்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு வார்டுக்குப் போங்கள், போதும்.

எண்பதுகளின் கடைசி. தேனி அப்போது தனி மாவட்டமாக ஆகவில்லை, எல்லாவற்றுக்கும் மதுரைக்குத்தான் ஓட வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தேன். எந்த ஊர் என்பது உங்களுக்கு வேண்டாம், அங்கே இன்னும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதுரையிலிருந்து மனநல டாக்டர் ஒருவர் பஸ் பிடித்து வருவார். கட்டுப் போடும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, மூன்று நாற்காலி. அதுதான் எங்கள் மனநலப் பிரிவு. அவர் வராத வாரங்களில் நான்தான் அங்கே ராணி. மாத்திரையை ஒழுங்காக விழுங்காதவர்களுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை இடுப்பில் ஓர் எண்ணெய் ஊசி போடவேண்டும். அந்த ஊசிக்கு வருகிறவர்கள் எல்லோரையும் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அவர்களைப் பற்றி எனக்கு எல்லாமே தெரியும் என்றும் ஒரு நினைப்பு இருந்தது.

அப்படி வந்தவள்தான் பஞ்சவர்ணம். இருபத்தெட்டு வயது இருக்கும். பிள்ளை பெற்ற மறு வருடம் காதில் குரல் கேட்க ஆரம்பித்து, சேலையைக் கிழித்துக்கொண்டு ரோட்டில் ஓடினாள். புருஷன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போடிப் பக்கம் போய் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். மிச்சம் இருந்தது அம்மா குருவம்மா மட்டும்தான். குருவம்மா விடியும் முன்னே ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவாள், பொழுது சாயும்போது இறங்குவாள். இடைப்பட்ட நேரமெல்லாம் பஞ்சவர்ணம் தனியாகத்தான் இருப்பாள். பஸ் ஸ்டாண்டில் நிற்பாள், கடை வாசலில் உட்கார்ந்திருப்பாள், லாரிகள் நிற்கும் இடத்தில் சுற்றுவாள். ஊசி ஒழுங்காகப் போட்டால் நன்றாகவே இருப்பாள். என் தலைமுடியைப் பார்த்து, “என்ன சிஸ்டர், காக்கா கூடு கெட்டிருச்சா?” என்று கேட்கிற அளவுக்கு நன்றாக இருப்பாள்.

ஊசி நாளில் அவள் வராவிட்டால், எங்கள் ஆஸ்பத்திரி வாட்ச்மேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எங்கிருந்தாலும் தேடிப் பிடித்துக் கூட்டி வருவார். ‘இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷனா’ என்று நான் பலரிடம் அவரைப் புகழ்ந்திருக்கிறேன்.

ஒரு மாசி மாதம் குருவம்மா வேலைக்குப் போகாமல் என்னைத் தேடி வந்தாள். மகளை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்து, என் காதோடு பேசினாள்.

“சிஸ்டர், ஒங்ககிட்ட மட்டும் சொல்லுறேன். போன ஐப்பசியில இவளுக்கு நாள் தள்ளிப் போயிருச்சு. நான் வெளிய மூச்சு விடல. எள்ளும் வெல்லமும் குடுத்தேன், எப்படியோ கலைஞ்சிருச்சு. மறுபடி ஒண்ணு ஆச்சுன்னா நானும் அவளும் கெணத்துலதான் விழணும். ஏதாச்சும் பண்ணுங்க ஆத்தா.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். சுயபுத்தி சரியில்லாத ஒரு பெண் கர்ப்பமாகியிருக்கிறாள். யார் அவளைத் தொட்டது என்றுதானே முதலில் கேட்கவேண்டும்? நான் கேட்கவில்லை. குருவம்மாவும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது கர்ப்பம்தான் பிரச்சினையாகத் தெரிந்தது, அதற்குக் காரணமானவன் தெரியவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மார்ச் முடிவதற்குள் ஒவ்வொரு நர்ஸும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கேஸ் குறைந்தது. தேடிப்போகாமல் வீடு தேடி வந்த கேஸை யார் விடுவார்? புருஷன் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் குருவம்மாவின் பெருவிரலை உருட்டினோம். பஞ்சவர்ணத்திடம், “வயித்துல ஒரு சின்ன ஆபரேஷன்” என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை.

தையல் பிரித்த அன்று, வெளிநோயாளிகள் வரிசை தாழ்வாரம் வரைக்கும் நின்றது. ஆயாக்கள், வாட்ச்மேன், கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு லாரிக்காரர், எல்லோரும் இருந்தார்கள். எனக்குக் குரல் எப்போதுமே கொஞ்சம் பெரிது. “இனிமே பயமில்ல குருவம்மா! என்ன நடந்தாலும் ஒண்ணும் ஆகாது. நீ நிம்மதியா மலைக்குப் போயிட்டு வா” என்றேன். குருவம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அன்றைக்கு நான் இரண்டு டம்ளர் காபி குடித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். ஊசி போட்டுக்கொண்டு சேலையைச் சரிசெய்தபடி பஞ்சவர்ணம் சொன்னாள்:

“சிஸ்டர், நேத்து அவுக வந்தாக.”

நான் அந்த மண்ணில் பிறந்தவள். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் கிராமம். அந்தப் பேச்சுதான் என் வீட்டுப் பேச்சும். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள், ‘அவுக’ என்பார்கள். ‘அவுக சாப்பிட்டாக, அவுக தூங்குறாக.’ ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“யாரு, ஒன் வீட்டுக்காரரா?” என்று சிரித்தேன்.

அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “பரோட்டா வாங்கியாந்தாக” என்றாள்.

போடியில் வேறு குடும்பம் நடத்துகிறவன் இவளுக்கு எங்கே பரோட்டா வாங்கி வருகிறான்! அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரிடம், “புருஷன் திரும்பி வந்துட்டதா நெனச்சுக்கிட்டு இருக்கா டாக்டர்” என்றேன். என் கண்டுபிடிப்பில் எனக்கே பெருமை. டாக்டர், ‘கணவன் வந்து போவதாகப் பிரமை’ என்று அவள் தாளில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, ஊசி மருந்தைக் கூட்டினார். அடுத்த தடவையும், “அவுக வந்தாக.” அதற்கு அடுத்த தடவையும் அதேதான். நான் சொல்லச் சொல்ல டாக்டர் மருந்தைக் கூட்டினார்.

மருந்து கூடக் கூட அவள் விறைத்துப் போனாள். கை ஆடாமல் நடந்தாள், உதட்டோரம் எச்சில் வடிந்தது, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வர முன்பு ஆனதைவிட மூன்று மடங்கு நேரம் ஆயிற்று. காக்கா கூடு கதையெல்லாம் நின்றுபோயிற்று. ‘அமைதியாகிவிட்டாள்’ என்று நோட்டில் எழுதினேன்.

வருடக் கடைசியில் அவள் காலை அகட்டி வைத்து நடந்து வந்தாள். “சூட்டுக் கொப்புளம் சிஸ்டர், ஒரு எண்ணெ இருந்தா குடுங்க” என்றாள் குருவம்மா. மறைப்புக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தேன். அது சூட்டுக் கொப்புளம் இல்லை. எந்த நர்ஸுக்கும் பார்த்ததும் தெரியும் புண் அது. அப்போதும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? ‘ஐயோ பாவம், புருஷன்காரன் உண்மையிலேயே வந்து இதையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்’ என்றுதான் நினைத்தேன். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு அனுப்பிவைத்தோம். புண் ஆறிற்று. அங்கே அவள் ரத்தத்தை எடுத்து வேறொரு சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது.

இரண்டு மாதம் கழித்து ஒட்டிய உறை ஒன்று வந்தது. எங்கள் பெரிய டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். “எய்ட்ஸ் கிருமி சிஸ்டர்” என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அவர் தொட்டது காகிதத்தை மட்டும்தான்.

அந்த வார்த்தையை நாங்கள் பேப்பரில்தான் படித்திருந்தோம். அமெரிக்காக்காரன் வியாதி, பம்பாய் வியாதி என்று சொல்லிக்கொள்வோம். அது கம்பம் பள்ளத்தாக்கில், நான் கொண்டை போடக் கற்றுக்கொடுத்த ஒரு பெண்ணின் ரத்தத்தில் இருக்கிறது என்றால் எப்படி? முதலில் காகிதம் மாறி வந்திருக்கும் என்று நினைத்தேன். பேரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு வந்த முதல் பயம் அவளுக்காக இல்லை. இரண்டு ஊசிக்கு முன்னால் என் இடது கைக் கட்டைவிரலில் அவளுக்குப் போட்ட ஊசி குத்தியிருந்தது. அதைத்தான் நினைத்தேன்.

அடுத்த பயம் அதைவிட மோசம். அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்ச்தான். வெந்நீரில் கொதிக்கவைத்து எடுப்போம். கூட்டமாக இருக்கிற நாளில் ஊசிமுனையை மட்டும் மாற்றிக்கொண்டு அதே சிரிஞ்சில் அடுத்தவருக்கும் போட்டிருக்கிறேன். எண்ணெய் மருந்துதானே, ஒன்றும் ஆகாது என்று யாரோ சொன்னதை நம்பினேன். பஞ்சவர்ணத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களின் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. அன்றைக்கே மதுரைக்கு, மனநல டாக்டருக்குப் போன் போட்டு ஒப்புக்கொண்டேன். அவர் கத்தவில்லை. “அவ்வளவு பேர் ரத்தமும் எடுங்க, உங்க ரத்தத்தையும் சேர்த்து” என்றார். எல்லா முடிவும் வர நாலு மாதம் ஆயிற்று. ஒருவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் அந்த நாலு மாதமும் நான் சோறு தின்றேன் என்று சொல்லமாட்டேன்.

விஷயம் ஆஸ்பத்திரிக்குள் கசிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பஞ்சவர்ணம் உட்காரும் பெஞ்சைத் தூக்கி வெயிலில் போட்டு, பினாயிலை ஊற்றித் தேய்த்தார்கள். ஆயா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு லீவு கேட்டாள். பெஞ்சைத் தூக்க ஆள் போதாமல் நானும் ஒரு முனையைப் பிடித்தேன். எனக்குத் தெரியும், பெஞ்சிலிருந்து அது வராது. தெரிந்தும் பிடித்தேன். அதிர்ச்சியில் மனுஷன் என்னென்ன செய்வான் என்று நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள்.

வாட்ச்மேன் அன்று மத்தியானம் வயிற்றுவலி என்று வீட்டுக்குப் போனார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் வந்தார். பெரிய டாக்டர், “இவளை மதுரைக்குக் கொண்டுபோய் உள்ளே போட்டுப் பூட்டிடுங்க, ஊர் தப்பிச்சிரும்” என்றார். மனநல டாக்டர் பஞ்சவர்ணத்தை உள்ளே கூப்பிட்டார். குருவம்மாவை வெளியே இருக்கச் சொன்னார். நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டு, தான் மேஜை விளிம்பில் சாய்ந்துகொண்டார். என்னைப் பார்த்து, “நீங்க கேளுங்க சிஸ்டர். உங்க ஊர்ப் பேச்சுல கேளுங்க. அவசரப்படாதீங்க” என்றார்.

“பஞ்சு, அவுக வந்தாகன்னு சொல்லுவியே, யாரு அவுக?”

“அவுகதான்.”

“ஒன் புருஷனா?”

எங்கள் இரண்டு பேரில் யாருக்குப் பைத்தியம் என்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். நாக்குத் தடித்துப் போயிருந்ததால் மெதுவாகத்தான் பேசினாள். “அந்தப் பய எதுக்கு சிஸ்டர் இங்கன வாறான்? அவன்தான் போடியில இன்னொருத்தியக் கெட்டிக்கிட்டான்ல?”

அந்தப் பய. அவன். புருஷனை அவள் ஒருநாளும் ‘அவுக’ என்று சொன்னதே இல்லை.

எங்கள் பேச்சில் மரியாதைப்பட்ட ஒருத்தர் வந்தாலும் ‘வந்தாக’தான், நாலு பேர் வந்தாலும் ‘வந்தாக’தான். நான் அதை ஒருத்தர் என்று எடுத்துக்கொண்டேன். அவள் பல பேரைச் சொல்லியிருக்கிறாள்.

“அப்ப எத்தன பேரு பஞ்சு?” என்று கேட்டேன்.

விரலை மடக்கினாள். “லாரிக்காரவுக ரெண்டு பேரு. கடைக்காரரு ஒருத்தரு. அப்புறம்…” கதவுப் பக்கம் பார்த்தாள். “இங்கன வாசல்ல நிப்பாகல்ல, சைக்கிள்ல ஏத்திக் கூட்டியாருவாகல்ல, அவுக. ஊசிக்கு வரும்போது அந்தப் பழைய கிட்டங்கிப் பக்கமா நிறுத்துவாக.”

ஏலக்காய் மூட்டை போட்டுவைத்து, பிறகு பூட்டிக் கிடந்த கிட்டங்கி அது. அதைத் தாண்டித்தான் நானும் தினம் வேலைக்கு வந்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்த வேலியைப் புகழ்ந்தவள் நான், ‘போய்க் கூட்டிவாங்க’ என்று அனுப்பியவளும் நான்.

“ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னேன்ல சிஸ்டர்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மறந்துபோனவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். “ஒவ்வொரு ஊசிக்கும் சொன்னேன்ல.”

டாக்டர் முதல் தடவையாகப் பேசினார். “உனக்கு இஷ்டம் இருந்துச்சாம்மா?”

“அதெல்லாமா கேப்பாக?” என்றாள். “கடைக்காரரு வந்தா நல்லாருக்கும். உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாரு. மத்தவுகள மொதல்ல வேணாம்னேன். ஆப்பரேசன் ஆனவளுக்கு என்ன பயம்னு சொன்னாக. நீங்களும் அதத்தான சிஸ்டர் சொன்னீக?”

டாக்டர் அவள் தாளை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்தார். ‘கணவன் வந்து போவதாகப் பிரமை’ என்ற வரியை அடித்தார். மருந்தைக் கூட்டிய தேதிகளில் எல்லாம் இருந்த அதே வரியையும் தேடித் தேடி அடித்தார். கீழே, ‘நோயாளி கூறியது உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “ஓடிப்போக ஒரு காலாவது இருந்துச்சு சிஸ்டர் இந்தப் பொண்ணுக்கு. மருந்தைக் கூட்டி அதையும் நாமதான் கட்டிப்போட்டோம்” என்றார். அன்றே மருந்தைப் பழைய அளவுக்குக் குறைத்தார்.

யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்களை அதுவரை கொஞ்சமாவது தடுத்து வைத்திருந்தது ஒரே ஒரு பயம். வயிறு பெருத்தால் ஊர் யார் என்று கேட்கும் என்ற பயம். வேறு தயவு தாட்சண்யம் எதுவும் இல்லை. அந்த ஒரு பயத்தையும் நான் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டு, தாழ்வாரத்தில் நின்று தமுக்கடித்தும் சொல்லியிருக்கிறேன்.

பெரிய டாக்டர் போலீசுக்குப் போகலாமா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தார். குருவம்மாவிடம் கேட்டபோது, “கேசுன்னு போனா அவுகளையா நிறுத்திக் கேப்பாக? எம் பிள்ளையத்தான் நடு ஊருல நிறுத்துவாக” என்று மறுத்துவிட்டாள். வாட்ச்மேனை ‘நிர்வாகக் காரணம்’ என்று வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மாற்றல் உத்தரவு வாங்க வந்தவரை வாசலில் மறித்து, ரத்தம் கொடுத்துவிட்டுப் போ என்று நான் போட்ட சத்தத்தில் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கொடுக்காமல் போய்விட்டார். அவருக்கு ஒரு மனைவி இருந்தாள், எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இரண்டு பிள்ளை பெற்றாள். அவள் வீட்டுக்குப் போய், உன் ரத்தத்தைச் சோதித்துக்கொள், ஏன் என்று உன் புருஷனைக் கேள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது சரியா தப்பா என்று உங்கள் புத்தகத்தில் இன்று விதி இருக்கும். அன்று விதி எதுவும் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். கடைக்காரர் மட்டும் தானாக வந்து ரத்தம் கொடுத்தார். முடிவு நல்லபடியாக வந்தது. அதன்பிறகு அவர் பஞ்சவர்ணம் இருந்த திசைக்கே வரவில்லை. அவள்தான் கொஞ்ச நாள், “கடைக்காரரு எங்க சிஸ்டர் காணோம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் அறைக்கு இரண்டு கதவு தள்ளி, குடும்பக் கட்டுப்பாட்டு ஸ்டோரில் ஆணுறைப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. எலி கடித்தது போக மிச்சம். மனநலப் பிரிவுக்கு வந்த ஒருவருக்கும் நாங்கள் அதைக் கொடுத்ததில்லை, இன்னதென்று காட்டியதும் இல்லை. பைத்தியத்துக்கு எதற்கு என்ற நினைப்பு. டாக்டர் ஒரு பெட்டியைத் தானே சுமந்து வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார். பஞ்சவர்ணத்துக்கு அதைப் பிரித்துக் காட்டி விளக்கினேன். அவளுக்கு ஒரே தடவையில் புரிந்தது. “இத இம்புட்டு நாளும் எதுக்கு சிஸ்டர் ஒளிச்சு வச்சிருந்தீக?” என்றாள்.

குருவம்மாவுக்கு விஷயத்தைச் சொல்லும் வேலை எனக்கு விழுந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் உட்காரவைத்து, ரத்தத்தில் ஒரு கிருமி இருக்கிறது, இப்போது ஒன்றும் தெரியாது, ஆனால் போகப்போக உடம்பு உருகிவிடும், இதற்கு மருந்து இன்னும் வரவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். தலையை ஆட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி சிஸ்டர். அப்ப இதுக்கும் ஒரு ஆப்பரேசன் பண்ணிவிட்டுருங்க. எங்கன கைநாட்டு வைக்கணும், சொல்லுங்க.”

நான் எழுந்து கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் என்னை அந்த அளவுக்கு நம்பியிருந்தாள்.

அந்தப் பெண்ணைப் பூட்டிவைக்கும் யோசனையைக் கடைசியில் குருவம்மாதான் உடைத்தாள். கூட வேலை பார்க்கும் பெண்களிடம் என்ன சொன்னாளோ, மகளையும் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக ஆரம்பித்தாள். நாள் முழுக்கப் பதினைந்து பெண்களுக்கு நடுவே இருந்தாள் பஞ்சவர்ணம். மருந்து குறைந்ததும் விரலுக்கு வேகம் வந்தது, ஏலக்காயைத் தரம் பிரிப்பதில் அம்மாவையே முந்தினாள். மூன்று வருடம் அப்படிப் போயிற்று. அப்புறம் உடம்பு விழுந்தது. கடைசி இரண்டு மாதம் எங்கள் வார்டில்தான் இருந்தாள். ஆயா முதலில் கிட்டே போகவில்லை, பிறகு அவள்தான் தலை வாரிவிட்டாள்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. பஞ்சவர்ணம் விரல் மடக்கிச் சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமையே மனநல டாக்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். “ஊசிக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் தனியா உட்காரவச்சு, கூட வந்தவங்களை வெளிய அனுப்பிட்டு கேளுங்க. யாரோட இருக்கீங்க, விரும்பி இருக்கீங்களா, பயம் இருக்கான்னு கேளுங்க. ஆம்பளை பொம்பளை பாக்காதீங்க, வயசு பாக்காதீங்க. இவருக்கு என்ன இருக்கப்போகுதுன்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க.” நான் முறைத்தேன். நான் வேதக்கோயிலில் பாட்டுப் பாடுகிறவள், ஆம்பளையிடம் போய் இதையெல்லாம் எப்படிக் கேட்பேன் என்றேன். “ஊசி போடறப்ப இடுப்பைப் பாக்கறீங்கள்ல? அதே மாதிரிதான்” என்றார்.

அடுத்த ஊசி நாளில் வரிசையில் முதல் ஆள் கோம்பை ஊர்க்காரர் ஒருவர். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் இல்லை, வேட்டைநாய் வளர்க்கிற குடும்பம். நாலு வருடமாக, தவறாமல், அண்ணன் துணையோடு வருவார். ஊசியைப் போட்டுக்கொண்டு, “சரி” என்ற ஒரு சொல்லோடு போய்விடுவார். இவரிடமா கேட்பது, அடுத்தவரிலிருந்து ஆரம்பிப்போமே என்று எனக்கு ஓடிற்று. இருந்தாலும் அண்ணனை வெளியே போகச் சொன்னேன். கதவைச் சாத்தினேன். அவர் முகத்தைப் பார்க்காமல், மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, திக்கித் திணறி ஒருவழியாகக் கேட்டுமுடித்தேன்.

கோபித்துக்கொண்டார் என்று நினைத்து நிமிர்ந்தேன். அவர் கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு வருசமா, இந்தத் தடவ கேப்பீக, இந்தத் தடவ கேப்பீகன்னுதான் சிஸ்டர் வந்துக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.